ஒரு லட்ச ரூபாய்ப் பேனா வாங்கலாமா? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பொங்கல் முடிந்த வாரம் என் சித்தி மகன் வீட்டுக்கு வந்தான். பாளையங்கோட்டையில் வக்கீல். காபியைக் குடித்து முடித்ததும் போனில் ஒரு படத்தைக் காட்டினான். தடித்த கறுப்புப் பேனா. மூடியின் உச்சியில் வெள்ளை நட்சத்திரம்.

"அண்ணாச்சி, இது ஒரு லட்சத்துக்குப் பக்கத்துல வருது. வாங்கலாம்னு நெனைக்கேன். நீங்க என்ன சொல்லுதிய?"

என்னிடம் அவன் கேட்டதில் அர்த்தம் உண்டு. 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அத்தனை வருஷமும் இங்க் பேனாதான். பிரில் மை, கேமல் மை என்று ஆரம்பித்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த பிறகு தங்க நிப்பு வைத்த ஜப்பான் பேனாவரை வந்திருக்கிறேன். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் பேனா மேல் ஆசைப்படுகிற மனுஷனை அப்படி அனுப்ப எனக்கு மனசு வராது. அந்த ஆசை நல்ல ஆசை. அதனால் இரண்டு பேரும் சேர்ந்து மூன்று மாதம் இந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்த்தோம். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எழுதும் பக்கங்களை எண்ணுங்கள்

பேனாவைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் கையைப் பாருங்கள். ஒரு சின்ன நோட்டு எடுத்து, முப்பது நாள், ராத்திரி படுக்கும் முன் இரண்டு எண்களைக் குறியுங்கள். இன்று கையால் எத்தனை பக்கம் எழுதினேன்? எத்தனை கையெழுத்துப் போட்டேன்?

தம்பி தினமும் பத்துப் பக்கமாவது எழுதுவதாக நினைத்திருந்தான். நோட்டு வேறு சொன்னது. மனு எல்லாம் டைப் ஆகிறது. கையால் எழுதுவது கட்சிக்காரர் சொல்வதைக் குறிப்பெடுப்பதும், வழக்குக் கட்டின் மேல் வாய்தா தேதி போடுவதும்தான். சராசரி ஒன்றரைப் பக்கம். கையெழுத்துதான் நாற்பது, ஐம்பது.

இது ஏன் முக்கியம் என்றால், கையெழுத்துப் போடும் பேனா வேறு, எழுதும் பேனா வேறு. கையெழுத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: மூடியைத் திறந்ததும் முதல் கோட்டிலேயே மை வரவேண்டும். பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்குக் கழுத்தின் (விரலால் பிடிக்கும் இடத்தின்) பருமன், எடை, சமநிலை எல்லாம் கணக்கில் வரும். நாலாவது பக்கத்தில் விரல் வலிக்கிறதா இல்லையா என்பதில்தான் நல்ல பேனாவின் அருமை தெரியும். ஒரு பக்கம்கூட எழுதாதவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. பெட்டிக்குள் கிடந்து மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கார்பன் வைத்து அழுத்தி எழுதும் ரசீதுப் புத்தகம்தான் உங்கள் வேலை என்றால் இங்க் பேனாவே சரிப்படாது. அழுத்தினால் நிப்பு பிரிந்துபோகும். அப்படியானால் விலை கூடிய பால்பாயிண்ட் பேனா வாங்கலாமா என்று கேட்டால், என் பதில் உறுதியானது: வேண்டாம். பால்பாயிண்ட்டில் எழுதுவது உள்ளே இருக்கும் ரீஃபில். பார்க்கர் ரீஃபில் அளவு உலகம் முழுக்கப் பொதுவாகிவிட்டது. அதே ரீஃபில் சில நூறு ரூபாய்ப் பேனாவிலும் உட்காரும், பல ஆயிர ரூபாய்ப் பேனாவிலும் உட்காரும். தாளில் விழும் எழுத்தில் வித்தியாசம் இருக்காது.

இரண்டாம் படி: விலை எதில் ஏறுகிறது என்று பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நாங்கள் அதிக நாள் செலவழித்தோம்.

முதலில் தங்கம். நம் ஊரில் எதையும் பவுனில் வைத்துப் பார்ப்பதுதானே வழக்கம். "தங்க நிப்பு" என்றதும் சித்தி, "அப்ப காசு வீணாப் போகாதுல்லா?" என்று கேட்டாள். கணக்கைப் பாருங்கள். 14 காரட் என்றால் நூற்றுக்கு 58.5 பங்கு தங்கம். 18 காரட் என்றால் 75 பங்கு. ஒரு நிப்பின் எடை பெரும்பாலும் ஒரு கிராமை ஒட்டியோ அதற்குக் கீழோதான். ஒரு கிராம் 18 காரட் நிப்பில் இருக்கும் சுத்தத் தங்கம் முக்கால் கிராம். ஒரு பவுன் எட்டு கிராம். ஆக, ஒரு லட்ச ரூபாய் போட்டு வாங்குகிற பேனாவில் பவுனில் பத்தில் ஒரு பங்குத் தங்கம்கூடக் கிடையாது. தங்கத்துக்காக வாங்குவதென்றால் நேரே நகைக்கடைக்குப் போய்விடலாம்.

இன்னொன்று. தாளைத் தொடுவது தங்கமே அல்ல. நிப்பின் நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி ஒட்டியிருக்கும். அதை இரிடியம் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம்; இப்போது பெரும்பாலும் ஆஸ்மியம், ருத்தீனியம் போன்ற கடின உலோகங்களின் கலவைதான். இரண்டாயிர ரூபாய் எஃகு நிப்பின் நுனியிலும் அந்த மாதிரி மணிதான் இருக்கிறது. அந்தக் காலத்து மையில் அமிலம் அதிகம், இரும்பை அரித்துவிடும், அதனால் தங்கம் தேவைப்பட்டது. இன்றைய துருப்பிடிக்காத எஃகு சாதாரண மைக்கு அஞ்சாது. தங்கம் கொடுப்பது ஒரு மெத்தென்ற அசைவு. சில நிப்புகளில் அதுவும் இருக்காது. அந்த அசைவு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதற்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் கேள்வி.

அடுத்தது கைவேலை. இதைப் புரியவைக்க நான் தம்பியைப் பத்தமடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாதாரணக் கோரைப்பாயும் அங்கே கிடைக்கும், பட்டுப்பாயும் கிடைக்கும். பட்டுப்பாய்க்குக் கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழை மாதிரிக் கிழித்து, நூல் பாவில் நாள் கணக்காக நெய்கிறார்கள். துணி மாதிரி மடிக்கலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேர் போட்டு வாங்குவது நம் வழக்கம். அதில் படுத்தால் சாதாரணப் பாயைவிடப் பத்து மடங்கு தூக்கமா வரும்? வராது. ஆனாலும் அந்த விலை நியாயமான விலை. நெய்தவரின் நாட்கள் அதில் இருக்கின்றன. உருஷி என்ற மரப்பாலைப் பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, அது உலர்வதற்குள் தங்கப் பொடி தூவிப் படம் எழுதும் ஜப்பானிய நமிகி பேனாக்களும் அதே மாதிரிதான். மாதக்கணக்கில் ஒரு கலைஞர் உட்கார்ந்து செய்து, தன் கையெழுத்தும் இடுகிறார். அங்கே காசு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது.

மூன்றாவது பெயர். தம்பி காட்டிய மோன்பிளாங்க் 149ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க் கம்பெனி. மெய்ஸ்டர்ஷ்டுக் என்ற வரிசை 1924இல் வந்தது, 149 வந்தது 1952இல். நிப்பில் 4810 என்று பொறித்திருக்கும். அது மோன்பிளாங்க் சிகரத்தின் உயரம், மீட்டரில். உடல் "பிரெஷஸ் ரெசின்". பெயர் எப்படி இருந்தாலும் அது உயர்தரப் பிளாஸ்டிக்தான். மை உறிஞ்சும் பிஸ்டனும் நிப்பும் அருமையாகச் செய்தவை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் விலையில் பெரும்பங்கு அந்த வெள்ளை நட்சத்திரத்துக்கு என்பது என் தீர்மானமான எண்ணம்.

நான்காவது அரிது என்பதற்கான விலை. இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2009இல் அதே கம்பெனி காந்தியின் பேரில் தங்கப் பேனா ஒன்றைக் கொண்டுவந்தது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்கு 241 பேனா. விலை பத்து லட்சத்துக்கும் மேல். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, அடுத்த வருஷம் இங்கே விற்பனையை நிறுத்தினார்கள். அதே காந்திதான் 1935இல் ராஜமுந்திரி ரத்னம் பேனாவை, நம் ஊரில் செய்தது என்பதற்காக, மெச்சிக் கடிதம் எழுதினார். எண்ணிக்கையைக் குறைத்து விலையை ஏற்றுவதில் எழுதுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. "லிமிடெட் எடிஷன்" என்ற வார்த்தையைக் கேட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

மூன்றாம் படி: கீழிருந்து ஏறுங்கள்

நேரே உச்சிக்குப் போகாதீர்கள். முதலில் இரண்டு, மூன்றாயிரத்துக்குள் ஒரு பேனா. லாமி சஃபாரி, பைலட் எஃகு நிப்பு, அல்லது நம் தமிழ்நாட்டிலேயே திருவள்ளூரில் எபனைட்டைக் கடைந்து செய்யும் ரங்கா. எபனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். கைக்கு இதமான சூடு அதில் உண்டு. வெயிலில் வைத்தால் மட்டும் நிறம் மங்கும்.

இதில் ஆறு மாதம் எழுதின பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் அடுத்த படி 14 காரட் ஜப்பான் பேனா: பைலட் கஸ்டம் 74, பிளாட்டினம் 3776. ஏறக்குறைய பத்திலிருந்து இருபதாயிரம். (3776 என்பது ஃபூஜி மலையின் உயரம். பேனாக்காரர்களுக்கு மலைமேல் அப்படி ஒரு பிரியம்.) எழுதும் சுகத்தில் கிடைக்கவேண்டிய அத்தனையும் இந்த விலைக்குள் கிடைத்துவிடுகிறது என்பது என் அனுபவம். இதற்கு மேலே கொடுக்கும் காசு பொருளின் அழகுக்கும் பெயருக்கும்தான். அழகுக்குக் காசு கொடுப்பது தப்பில்லை. தெரிந்து கொடுக்கவேண்டும், அவ்வளவே.

நான்காம் படி: நிப்பின் அகலத்தைத் தமிழுக்குப் பாருங்கள்

கடைக்காரர் "ஏ, பி, சி" எழுதிக் காட்டுவார். அது நமக்குப் போதாது. நம் எழுத்தில் சுழி அதிகம். இ, ண, ஞ, ஜ, ணை, ழு இவற்றையெல்லாம் எழுதும்போது பேனா ஒரே எழுத்துக்குள் நாலு திசை திரும்புகிறது. பட்டையான நிப்பில் ண-வின் சுழிகள் மையால் அடைபட்டு மூன்றும் ஒரே பொட்டாகிவிடும்.

ஜப்பான் நிப்பு ஐரோப்பிய நிப்பைவிட ஏறக்குறைய ஓர் அளவு மெல்லியது. ஜப்பான் மீடியம், ஜெர்மன் ஃபைன் அளவுக்கு வரும். சின்ன எழுத்துக்காரர்கள் ஜப்பான் ஃபைன், சற்றுப் பெரிய எழுத்து என்றால் ஜப்பான் மீடியம் அல்லது ஜெர்மன் ஃபைன் எடுங்கள். ஜெர்மன் மீடியமும் பிராடும் கையெழுத்துக்கு ஜோர். பச்சை மையில் ஒப்பமிடும் அதிகாரிகளுக்கு அது பொருந்தும். பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத உதவாது.

நான் எந்தப் பேனாவிலும் முதலில் எழுதிப் பார்ப்பது "நெல்லையப்பர் காந்திமதி" என்று. கொம்பு, இணைக்கொம்பு, ஒற்று எல்லாம் அதில் வந்துவிடும்.

ஐந்தாம் படி: உட்கார்ந்து பத்து நிமிஷம் எழுதுங்கள்

நின்றுகொண்டு மூன்று கோடு கிழிப்பது சோதனை ஆகாது. கடையில் கொடுக்கும் தாள் வழவழப்பான தாளாக இருக்கும். அதில் எந்தப் பேனாவும் நன்றாக எழுதும். நீங்கள் தினமும் எழுதும் தாளைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆபீஸ் ஏ4, கோடு போட்ட நோட்டு, வக்கீல் என்றால் பச்சைத் தாள். மை பூக்கிறதா, பின்பக்கம் ஊறுகிறதா என்று பாருங்கள்.

நிப்பை மையில் தொட்டு எழுதக் கொடுத்தால் ஆரம்பத்தில் தாராளமாகத்தான் எழுதும். முடிந்தால் மை நிரப்பிக் கேளுங்கள். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்: மூடியைத் திறந்து ஒரு நிமிஷம் விட்டு எழுதினால் முதல் கோடு விழுகிறதா? ஒவ்வொரு எழுத்தின் முதல் இழுப்பும் விட்டுவிட்டு வந்தால், நுனியைத் தேவைக்கு மேல் வழவழப்பாக்கி, பிளவின் உள் ஓரத்தை உருட்டிவிட்டார்கள் என்று பொருள். அழுத்தினால் வரும், மெதுவாக எழுதினால் வராது. எட்டு போட்டுப் பாருங்கள்; ஒரு பக்கம் மட்டும் கீறினால் நுனியின் இரண்டு பாதியும் மட்டமாக இல்லை. இதைக் கண்ணாலும் பார்த்துவிடலாம். நகைப் பட்டறையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். டவுணில் பழக்கமான ஆசாரி ஒருவரிடம் நான் இரவல் வாங்கிக்கொள்வேன்.

தம்பி சென்னைக்குப் போன இடத்தில் 149ஐ இப்படி உட்கார்ந்து எழுதிப் பார்த்தான். அன்றைக்கு ராத்திரியே போன் வந்தது. "அண்ணாச்சி, கழுத்து ரொம்பத் தடியா இருக்கு. ஒரு பக்கம் எழுதுறதுக்குள்ள பெருவிரல் கடுக்குது." கழுத்து ஏறக்குறைய 13 மில்லிமீட்டர், எடை முப்பது கிராமை ஒட்டி. பெரிய கைக்காரருக்கு அது வரம். அவன் விரல் குச்சி விரல். இரண்டு வருஷமாகப் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட பேனா கைக்குப் பொருந்தவில்லை என்பது பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஒரு லட்சம் போன பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஆறாம் படி: நம் வெயிலும் நம் தண்ணீரும்

இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். சித்திரை வெயிலில் நம் ஊரில் மூடி இறுக்கமில்லாத பேனா நாலு நாளில் காய்ந்துவிடும். மையில் உள்ள தண்ணீர் ஆவியாகி, சாயம் கெட்டியாகி, நிப்புக்கு அடியிலிருந்து மை கொண்டுவரும் ஃபீடின் மெல்லிய பள்ளங்களில் படிந்துகொள்ளும். விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிளாட்டினம் 3776இன் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வைத்த உள்மூடி உண்டு. இரண்டு வருஷம் வரை மை காயாது என்பது கம்பெனி சொல்வது. என்னுடையதை மேசையில் போட்டுவிட்டு இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். எடுத்ததும் எழுதியது.

பேருந்தில், பைக்கில் சட்டைப்பையில் வைத்துப் போகிறவர்கள் மையை முழுக்க நிரப்பியோ சுத்தமாகக் காலியாகவோ வையுங்கள். பாதி மை இருந்தால் உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து மையைத் தள்ளும், பேனா கக்கும். குறிப்பாகச் சொட்டு மருந்து மாதிரி ஃபில்லரால் நேரே உடலுக்குள் மை ஊற்றும் பேனாக்கள்.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் ஆகாது. தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடு என்றால் கவலையில்லை. போர்த் தண்ணீர் என்றால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை எடுங்கள். நான் ஒரு முறை போர்த் தண்ணீரில் கழுவிக் கழுவியே ஒரு நல்ல பேனாவின் ஃபீடில் வெள்ளை படியவிட்டேன். அப்புறம் அது ஒழுங்காக எழுதவே இல்லை. வெந்நீர் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். படம் வரையும் இந்தியன் இங்க்கில் அரக்கு மாதிரிப் பசை இருக்கும். அதை ஊற்றினால் பேனா அன்றோடு சரி.

ஏழாம் படி: எங்கே வாங்குவது, எது போலி

நம் பக்கத்தில் இந்த விலைப் பேனாவுக்குக் கம்பெனிக் கடை கிடையாது. நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குத்தான் போகவேண்டும். பழுது வந்தாலும் அதே தூரம், அல்லது கூரியர். வாங்கும்போதே மூன்றைக் கேளுங்கள்: நிப்பு அளவு பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள், நிப்பு வளைந்தால் செலவு எவ்வளவு, பழுதுபார்க்க எங்கே அனுப்புவார்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பழைய பேனா மலிவாக வருகிறதென்று யாரும் சொன்னால் நிதானம் வேண்டும். வெள்ளை நட்சத்திரப் பேனாவுக்குப் போலி ஏராளம். எளிதான ஒரு சோதனை: மெய்ஸ்டர்ஷ்டுக் வரிசையில் 149உம் அதைவிடச் சின்ன 146உம், இரண்டும் பின்பக்கத்தைத் திருகி மை உறிஞ்சும் பிஸ்டன் பேனாக்கள். "149" என்று சொல்லி, உடலைக் கழற்றினால் உள்ளே கன்வெர்ட்டர் (கழற்றி மாட்டும் மைக்குழாய்) இருந்தால் அது போலி, பேச்சே வேண்டாம். மிகப் பழையதாக இல்லாத பேனா என்றால் கிளிப் வளையத்தில் வரிசை எண் இருக்கவேண்டும். நிப்பில் காரட் முத்திரை இருக்கவேண்டும். இவை இருப்பதாலேயே அசல் என்றும் ஆகாது. நான் ஒரு முறை முகம் தெரியாத ஒருவரிடம் பழைய ஜெர்மன் பேனா வாங்கினேன். முத்திரை எல்லாம் சரி. நிப்பின் மூச்சுத் துளையிலிருந்து மயிரிழை விரிசல் ஓடியிருந்தது படத்தில் தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்க்காதது என் தவறு.

எட்டாம் படி: காசுக் கேள்வி

இதை நீட்டவேண்டியதில்லை. இ.எம்.ஐ. போட்டு வாங்கவேண்டிய பேனாவை வாங்காதீர்கள். திரும்ப விற்றால் பாதிக்கும் கீழே கேட்பார்கள் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள். தாலுகா ஆபீஸில் பக்கத்தில் நிற்பவர் "சார், பேனா கொஞ்சம் குடுங்க" என்று கேட்டால் உங்கள் நெஞ்சு பதறுமா? பதறும் என்றால் அந்தப் பேனா வீட்டை விட்டு வெளியே போகாது. வெளியே போகாத பேனாவில் எத்தனை பக்கம் எழுதுவீர்கள் என்பதை முதல் படி நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. நாளைக்கு மூன்று பக்கத்துக்கு மேல் எழுதுகிறீர்கள், கடன் இல்லை, கீழ்ப்படிகளில் எழுதிப் பார்த்தாயிற்று, கைக்கும் பொருந்துகிறது, அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எழுத ஆசை வருகிறது என்றால், தாராளமாக வாங்குங்கள். இருபது வருஷம் எழுதலாம். யார் என்ன சொன்னாலும் அது வீண்செலவு ஆகாது.

தம்பி பங்குனியில் ஒரு 3776 வாங்கினான். ஜப்பான் மீடியம், நீல மை. மீதிக் காசு பேங்கில்தான் கிடக்கிறது, ஆசையும் அப்படியேதான் இருக்கிறது, மறைக்கவில்லை. நோட்டில் கணக்கு எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. போன வாரம் காட்டினான், சராசரி இரண்டரைப் பக்கத்துக்கு வந்திருக்கிறது. மனுவின் முதல் நகலை இப்போது கையாலேயே எழுதுகிறானாம். அடுத்த தைக்குள் அது மூன்றைத் தாண்டினால் சென்னைக்குப் போய், கழுத்து மெல்லிய 146ஐ உட்கார்ந்து எழுதிப் பார்ப்பதாக ஏற்பாடு. டிக்கெட் போடும்போது எனக்கும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.